மதகு இல்லாத மனு

சிவில் சமூகம் என்ற சொல்லை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு படிவத்தில். வேங்கிக்காலில் நான் உதவியாளராக வேலை பார்க்கும் அரசு அலுவலகத்துக்கு, வெளிநாட்டுச் சுற்றுச்சூழல் நிதியம் ஒன்றின் உதவியோடு ஏரி சீரமைக்கும் திட்டம் வந்திருந்தது. படிவத்தின் கடைசிப் பக்கத்தில், ‘சிவில் சமூகப் பங்கேற்பு: உண்டு / இல்லை’ என்று ஒரு வரி. எதை அடிப்பது என்று தெரியாமல் அதிகாரியிடம் கொண்டுபோனேன்.

“உண்டுன்னு டிக் பண்ணுங்க மேடம். யாருன்னு அப்புறம் பாத்துக்கலாம்,” என்றார்.

அப்புறம் பார்த்தோம். இரண்டே நாளில் ஒரு சிவில் சமூகம் தயாரானது. காலையில் மைதானத்தில் கூடி வாய்விட்டுச் சிரிக்கும் மன்றத்தின் தலைவர், ஒப்பந்தக்காரரின் மைத்துனர் நடத்தும் அறக்கட்டளை, பௌர்ணமிக்குப் பௌர்ணமி அன்னதானம் போட்டுவிட்டு அண்டாவைவிடப் பெரிதாகப் பேனர் வைக்கும் நகைக்கடைக்காரர். அந்த ஏரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பெயர்களை நான் தட்டச்சு செய்தேன், அதிகாரி கையெழுத்துப் போட்டார், பட்டியல் கடல் தாண்டிப் போனது. உள்ளூர் மக்கள் இவ்வளவு ஆர்வமாக முன்வந்திருப்பது மகிழ்ச்சி தருவதாக நிதியத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. காரணம், நிஜமான சிவில் சமூகம் எது என்று எனக்குத் தெரியும் என நினைத்திருந்தேன். நானே அதில் ஓர் உறுப்பினர்.

ஐந்து பேர் இருந்தோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்தான் தலைவர். வேங்கிக்காலில் புதிதாக எழும்பிய நகர் ஒன்றில் அவர் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே கூடுவோம். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டுவார். நாங்கள் பூமி சூடாவதைப் பற்றிப் பேசுவோம். நான் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை போடும் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா இறந்ததும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தேர்வெழுதி அரசு வேலைக்கு வந்தவள். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உட்கார்ந்தால், நிலத்தை விட்டு வந்த குற்றவுணர்ச்சி கொஞ்சம் கம்மியாகும். காபியும் நன்றாக இருக்கும். இந்த இரண்டைத் தவிர அங்கே போனதற்கு வேறு காரணம் சொன்னால் அது பொய்.

திட்டம் வந்தது அடி அண்ணாமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு ஏரிக்கு. கரையை உயர்த்தினார்கள், மேலே பேவர் பிளாக் பதித்த நடைபாதை போட்டார்கள், மலையைப் பார்த்தபடி உட்கார பெஞ்சுகள் வைத்தார்கள். கிரிவலம் வருகிறவர்கள் அங்கே வந்து காற்று வாங்குவார்களாம். ‘ஈரநில மீட்பு’ என்று பெரிய பலகை. எல்லாம் முடிந்து வேலை நிறைவுச் சான்றிதழும் தயாரான பிறகு, ஒரு திங்கட்கிழமை அந்த அம்மா மனுவோடு வந்தாள்.

ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, கையில் மஞ்சள் துணிப்பை, காலில் ஆண்கள் போடும் ரப்பர் செருப்பு. ஏரிக்குக் கீழே, வாய்க்கால் போய் முடியும் கடைமடையில் அவளுக்குக் கொஞ்சம் நிலம். மனுவை யாரோ எழுதிக்கொடுத்திருந்தார்கள். அதில் ‘உயர்திரு ஐயா அவர்கள் சமூகத்திற்கு’ தொடங்கி எல்லாம் இருந்தது, விஷயம் மட்டும் இல்லை. இன்னாக்கா பிரச்சினை என்று கேட்டேன்.

“மதகு மேல காங்கிரீட் போட்டு மூடிட்டாங்கம்மா. அத தூக்குற இரும்புத் தண்ட அறுத்து எட்தும் பூட்டாங்க. பென்ச்சு போட எடம் பத்தலியாம். இப்ப ஏரி ரொம்பி கீது, என் நெலம் காஞ்சி கீது. தண்ணி கண்ணுக்கு எதிர நிக்குது, எறங்க வழி இல்ல.”

“வேலை நடக்கும்போது சொல்லக்கூடாதா?”

“சொன்னோமே. மேஸ்திரிகிட்ட சொன்னேன், ஜீப்புல வந்தவர்கிட்ட சொன்னேன். அவரு என்னெ வெச்சி ஒரு போட்டோ எட்துக்கினு போனாரு.”

ஜீப்பில் போனவர் எங்கள் அதிகாரி. அந்தப் படம் எனக்குத் தெரியும். ‘விவசாயிகளுடன் கலந்துரையாடல்’ என்று அதற்குக் கீழே தட்டச்சு செய்தவளே நான்தான். மனுவின் அடியில் மதகு விஷயத்தை நானே எழுதிச் சேர்த்து, ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தி ஒப்புகைச் சீட்டு கொடுத்தேன். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

மனு அதிகாரியின் மேஜையில் ஒரு வாரம் கிடந்தது. கிளறிவிட்டால் நிறைவுச் சான்றிதழ் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். “கோப்புல வைங்க மேடம்,” என்றார். வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியர் வீட்டில் இதைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தனை வருடமாகப் பூமியைப் பற்றிப் பேசியவருக்கு, கையில் பிடிக்கக்கூடிய விஷயம் ஒன்று முதல் தடவையாகக் கிடைத்திருந்தது.

“இத விடக்கூடாதும்மா. இன்டர்நேஷனல் லெவல்ல கொண்டு போறோம். அந்த நிதியத்துக்கே எழுதுறோம். சிவில் சமூகம் புகார் குடுத்தா அவங்க விசாரிச்சே ஆகணும், அவங்க சட்டத்துலயே இருக்கு.”

அது உண்மை. நிதியத்தின் இணையதளத்தில் அப்படி ஒரு வழி இருந்தது. நான் தமிழில் வரைவு எழுதினேன். அரசு ஊழியர் என்பதால் என் பெயர் எங்கும் வராது, கையெழுத்து அவருடையது. முதல் பத்தியிலேயே மதகை எழுதியிருந்தேன். போலிப் பெயர்ப் பட்டியலைப் பற்றி இரண்டாவது பத்தி.

அவர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் மாற்றினார். அடுத்த ஞாயிறு உரக்கப் படித்துக் காட்டினார். நீர்ப்பறவைகள் இருந்தன, பல்லுயிர்ச் சூழல் இருந்தது, வருங்காலத் தலைமுறை மூன்று இடத்தில் இருந்தது. மக்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று மென்மையாக ஒரு வரி. மதகு இல்லை.

“மதகு எங்க சார்?”

“அது லோக்கல் மேட்டர்மா. அதப் போட்டா ஏதோ வாய்க்கா தகராறுன்னு நெனச்சிருவாங்க. நம்ம லெட்டரோட தரம் கொறஞ்சிடும்.”

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். அதில் ஒருவர் உரக்கடை வைத்திருப்பவர். மதகு என்றால் என்ன என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவரும் ஆட்டினார். நான் என்ன செய்தேன்? ‘வருங்காலத் தலைமுறை’க்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது, அதைத் திருத்திக் கொடுத்தேன்.

புகார் போனது. ஒரு போகம் போனது. அந்த அம்மா நடுவில் இரண்டு முறை ஒப்புகைச் சீட்டோடு வந்தாள். “மேல போயிருக்குக்கா,” என்றேன். “எவ்ளோ மேல?” என்று கேட்டாள். வெளிநாடு வரைக்கும் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பைத்தியமா என்று பார்க்கிற பார்வை. அதில் தப்பில்லை.

பிறகு ஒரு நாள் தபாலில் கனமான உறை ஒன்று வந்தது. பிரித்தேன். மேலே எங்கள் துறையின் முகப்புக் கடிதம், ‘உரிய நடவடிக்கைக்காக’. அதற்குக் கீழே சென்னையிலிருந்து ஒன்று, ‘உரிய நடவடிக்கைக்காக’. அதற்குக் கீழே டெல்லி, அதற்கும் கீழே நிதியத்தின் கடிதம். எல்லாவற்றுக்கும் அடியில் தலைமையாசிரியரின் ஆங்கிலம். நான் திருத்திய அந்த எழுத்துக்கூட அப்படியே இருந்தது. உலகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, யார் எழுதினார்களோ அவர்களிடமே விளக்கம் கேட்டு வந்திருந்தது. வழியில் இருந்த இத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் அந்த ஏரிக்கரையில் போய் நிற்கத் தோன்றவில்லை. ஆளுக்கொரு தாள் சேர்த்து, அடுத்தவர் மேஜைக்குத் தள்ளியிருந்தார்கள்.

“ஒரு ரிப்ளை போடுங்க மேடம். உங்க தமிழ் நல்லாருக்கும்,” என்றார் அதிகாரி.

போட்டேன். என் புகாருக்கு நானே பதில் எழுதினேன். பறவைகள் வந்து போகின்றன. பல்லுயிர்ச் சூழல் மேம்பட்டுள்ளது. சிவில் சமூகம் தொடக்கம் முதலே பங்கேற்றுள்ளது, பட்டியல் இணைப்பில். எழுத எழுதக் கை சரளமாக ஓடியது, அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. கடைசியில் மட்டும் மனசு கேட்காமல் ஒரு வரி சேர்த்தேன்: ‘மூடப்பட்டுள்ள மதகைத் திறக்கும் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.’

அதிகாரி பேனாவை அங்கே நிறுத்தினார். “இது எதுக்கு? புகார்ல மதகே இல்லையே.”

“விவசாயி மனு இருக்குது சார்.”

“அது இங்க குடுத்த மனு. அவங்க மதகப் பத்திக் கேக்கவே இல்ல. கேக்காததுக்கு எதுக்கு மேடம் பதில் சொல்றீங்க?”

வரியை அடித்துவிட்டார். அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவில்லைதான். கேட்காமல் பார்த்துக்கொண்டது எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

பதில் போய்ச் சேர்ந்ததும், நிதியம் ஒருவரை அனுப்பி நேரில் சிவில் சமூகத்தைச் சந்திக்க விரும்புவதாகச் சொன்னது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலின் ஏசி ஹாலில் ஏற்பாடு. வருகைப் பதிவு எடுப்பதும் டீ பார்ப்பதும் என் வேலை. சிரிப்பு மன்றத் தலைவர் வந்தார், நகைக்கடைக்காரர் நான்கு பேரோடு வந்தார். முன்வரிசையில், புதுச் சால்வையோடு எங்கள் தலைமையாசிரியர். அதிகாரிதான் அவருக்குத் தனியாகப் போன் செய்து அழைத்திருந்தார். ஏரித் திட்டத்தின் ஆலோசனைக் குழுவில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, உங்களைப் போன்றவர்கள் வரவேண்டும் என்று சொன்னாராம். அவர் என்னைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தார், உள்ளே நுழைந்துவிட்டோம் என்கிற மாதிரி.

வந்த வெள்ளைக்காரர் மரியாதையானவர். எல்லாரையும் கைகூப்பிக் கும்பிட்டார். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம் என்று தன் எவர்சில்வர் பாட்டிலைக் காட்டினார், அதற்கே கைதட்டல் விழுந்தது. தலைமையாசிரியர் மைக் பிடித்து வெகுநேரம் பேசினார். தான் புகார் கொடுத்தது பகையினால் அல்ல, அக்கறையினால் என்றார். அந்த அக்கறைக்குச் செவிசாய்த்த அமைப்புகளுக்கு நன்றி என்றார். விருந்தாளி குறிப்பெடுத்துக்கொண்டார். விவசாயிகள் யாராவது வந்திருக்கிறார்களா என்று கடைசியில் கேட்டார்.

வந்திருந்தாள். நான்தான் முந்தின நாள் அவளுக்குப் போன் செய்து வரச்சொல்லியிருந்தேன். கதவோரம் நின்றிருந்தவள் நடுவில் வந்தாள். மைக்கை வாங்கவில்லை, அவள் குரலுக்குத் தேவையும் இல்லை.

“ஐயா, எங்க மதகெ மூடிட்டாங்க. மேல பென்ச்சு போட்டுட்டாங்க. ஒக்கார வந்தவன் எவனும் இல்ல, ஆடுதான் ஏறி படுத்துக்கினு கீது. கடைமடைல பத்து குடும்பம் நெல்லு வைக்கல. ஆபீஸ்ல மனு குட்தா சீட்டு குடுக்கறாங்க. எனுக்கு சீட்டு வோணா, தண்ணி வோணும். அந்தக் கல்ல ஒடைக்கச் சொல்லி ஒரு வார்த்த சொல்லுங்க. ஒங்க துட்டுலதான போட்டாங்க?”

மொழிபெயர்க்கத் தலைமையாசிரியர் தானாகவே எழுந்தார். ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம். ஏரி நிறைந்திருப்பதில் இந்தப் பெண்மணி மகிழ்கிறார், நீர்ப் பகிர்வில் மேலும் சில மேம்பாடுகளை எதிர்பார்க்கிறார். விருந்தாளி நெஞ்சில் கைவைத்து அவளுக்கு வணக்கம் சொன்னார்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். “இன்னா சார், நான் இவ்ளோ நேரம் பேசுனேன். நீ அதுக்குள்ள முட்சிட்ட?”

ஹாலில் சிரிப்பு. விருந்தாளியும் புரியாமல் சேர்ந்து சிரித்தார். எனக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் தெரியும். எழுந்து நின்று, அவள் சொன்னது இதுவல்ல என்று சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்காது, அதிகபட்சம் செய்யாறு பக்கம் மாற்றல் வந்திருக்கும். கையில் டீ தட்டு இருந்தது. அடுத்த வரிசைக்கு நகர்ந்தேன்.

வெளியே போகும்போது என் அருகில் நின்றாள். “நீயும் இந்தக் கும்பல்தானா?” என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பஸ் எந்தப் பக்கம் வரும் என்று கேட்பது போலக் கேட்டாள். பதில் வரும்வரை நிற்கவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை ஒப்பந்தக்காரரின் ஆள் அதிகாரிக்குப் போன் செய்தான். பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கடப்பாரையோடு வந்து நடைபாதையை உடைக்கிறார்கள் என்றான். அதிகாரி ஜீப்பில் ஏறினார். சேத விவரத்தை எழுத ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

நாங்கள் போனபோது வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. பெஞ்சைத் தூக்கி ஓரமாக, உடையாமல், வைத்திருந்தார்கள். காங்கிரீட் துண்டு துண்டாகக் கிடந்தது. அந்த அம்மா முழங்கால் அளவு பள்ளத்தில் நின்று கடப்பாரையை நெம்பிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள், நிறுத்தவில்லை. மதகுப் பலகை அசைந்ததும், அடியில் தண்ணீர் கடகடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. சேறும் இலையுமாக வாய்க்காலில் பாய்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. ஒரு வருடத்துக் கடிதங்கள் செய்யாததைப் பத்துப் பெண்கள் காலைச் சாப்பாட்டுக்கு முன் செய்துவிட்டார்கள்.

அதிகாரி போனில் எல்லாவற்றையும் படம் எடுத்தார். போலீஸ் புகாருக்குச் சாட்சியம்.

“பொதுச்சொத்துக்குச் சேதம். பேரு பேரா போட்டுக் குடுத்துருவோம் மேடம். இந்தப் பொம்பள மேலதான் மொதல் கேஸ்,” என்றார் திரும்பி வரும் வழியில்.

அடி அண்ணாமலை தாண்டியதும், பல வருடம் அவர் வரைவுகளை எழுதிப் பழகிய அதே குரலில் சொன்னேன். “கேஸ் போட்டா பேப்பர்ல வரும் சார். இப்பத்தான் ஃபாரின்ல இருந்து வந்துட்டுப் போனாங்க. பொதுமக்கள் பங்கேற்பு இல்லன்னு ஆயிடும். இறுதி அறிக்கை வேற இந்த மாசம் அனுப்பணும்.”

“அதுக்கு?”

“‘மக்கள் பங்கேற்புடன் மதகு புனரமைப்பு’ன்னு போட்டுடலாம் சார். போட்டோதான் கையிலயே இருக்குதே.”

ஜீப் வேகம் குறைந்தது போலிருந்தது. அவர் போனை எடுத்துப் படங்களைத் தள்ளிப் பார்த்தார். பெண்கள் வரிசையாக நின்று கல் கைமாற்றும் படத்தில் நிறுத்தினார். “இது நல்லாருக்கு,” என்றார்.

அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு இருந்த அருவருப்பில் பாதி என்மேல்தான். அவர் எப்படி யோசிப்பார் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தேனே. ஆனால் கேஸ் போடப்படவில்லை. என் உத்தியோக வாழ்க்கையில் நான் எழுதிய பொய்களில் ஒருவருக்காவது உபயோகப்பட்டது அது ஒன்றுதான்.

நிதியத்துக்கு அந்தப் படம் மிகவும் பிடித்துப்போனது. அவர்களுடைய ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. உள்ளூர்ச் சிவில் சமூகமும் பன்னாட்டு ஒத்துழைப்பும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது எடுத்துக்காட்டாம். ஒரு குளிர் நாட்டில் நடந்த மாநாட்டில் அதைத் திரையில் போட்டுப் பேசுவதற்குத் தலைமையாசிரியரை அழைத்தார்கள். கோட்டு தைத்துக்கொண்டு போய்வந்தார். திரும்பி வந்த ஞாயிறு எங்களைக் கூட்டி, எப்படிக் கைதட்டினார்கள் என்று சொன்னார். சாக்லேட் கொடுத்தார்.

“அந்த அம்மாவ பத்திச் சொன்னீங்களா சார்?” என்று கேட்டேன்.

“பொதுவா, பெண்களோட பங்களிப்புன்னு சொன்னேன்மா. தனி ஆள் பேரெல்லாம் அங்க சொல்ல மாட்டாங்க.”

அவருக்கு அவள் பெயர் தெரியாது என்பது எனக்குப் புரிந்தது. அன்றோடு நான் போகவில்லை. சண்டை ஒன்றும் போடவில்லை, உடம்பு சரியில்லை என்று இரண்டு ஞாயிறு சொன்னேன், மூன்றாவது ஞாயிறு அவர்களே கேட்கவில்லை. இப்போது அந்த இடத்தில் நகைக்கடைக்காரர் உட்காருவதாகக் கேள்வி.

நடவு முடிந்த சமயம் ஒரு விடுமுறை நாளில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேனா, வேறு எதற்கா என்று சொல்லத் தெரியவில்லை. கடைமடை வரைக்கும் பச்சை. அவள் வயலில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

“இன்னாம்மா, போட்டோ எட்க்க வந்தியா?”

“இல்லக்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவள் நம்பவில்லை. பயிர் நல்லா வந்திருக்கு என்றேன். தண்ணி வந்தா வரும், இதுல இன்னா கீது என்றாள். மறுபடி குனிந்துகொண்டாள். நான் அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். அவள் களையைப் பிடுங்கி என் காலருகில் வரப்பின்மேல் வீசிக்கொண்டே போனாள். செருப்பில் சேறு தெறித்தது. ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன்.